அண்ணனின் பல்செட்டும் ஒரு கல்யாண டோஸ்ட்டும்

கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்த அடுக்கின் உச்சியில் என் அண்ணன் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கர்சீப். அதைக்கொண்டு வாயை மூடியிருந்தார். இன்னொரு கையில் எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்குள் தண்ணீரில் அவருடைய மேல்வரிசைப் பற்கள் கிடந்தன.

வெளியே மைக்கில் என் மகள் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேக் வெட்டியாகிவிட்டது. அடுத்தது டோஸ்ட். சொல்ல வேண்டியவர் அண்ணன்.

"நா பேஷ மாட்டேன்" என்றார் கர்சீப்புக்குள்ளிருந்து.

"என்னண்ணா விளையாடுறியா? எல்லாரும் கையில கிளாஸ் வச்சிக்கினு நிக்கிறாங்க."

"நிக்கட்டும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டம்ளரைப் பிடுங்கி சாம்பார் அண்டாவில் கவிழ்த்திருப்பேன். விடியற்காலையிலிருந்து பட்டுப்புடவையில் வெந்துகொண்டிருந்தவள் நான். ஆனால் அண்ணனின் கண்ணைப் பார்த்ததும் ஆத்திரம் இறங்கிவிட்டது. அந்த மனிதர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

பயப்படக் காரணம் இருந்தது. அவர் மேடையேறாவிட்டால் போவது அவருடைய மானம் மட்டும் இல்லை. புது மாப்பிள்ளையின் பெயரும் சேர்ந்து போகும். ஏனென்றால் டம்ளரில் இருந்த பற்களைச் செய்து கொடுத்தவர் மாப்பிள்ளை. அதற்கு முன்னால் இருந்த அசல் பற்களைப் பிடுங்கியவரும் மாப்பிள்ளைதான்.

பிரியாணிக்கு முந்தைய ஆங்கிலம்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு அண்ணனைத் தெரியும். புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக: பெயர் ஜெயசீலன். ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். அடுகோடியில் சொந்த வீடு. மாடியில் அவரும் அண்ணியும். கீழே நானும் என் மகள் பிரீத்தியும். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

டோஸ்ட் என்றால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் கண்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணங்களில் எல்லாமே தமிழ்தான். பாட்டு தமிழ், ஜெபம் தமிழ், வரிசையில் சண்டை வந்தால் அது தமிழும் கன்னடமும் கலந்து. ஆனால் கேக் வெட்டி முடிந்ததும் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து, பெண் மாப்பிள்ளையைப் பற்றி நாலு வார்த்தை பேசி, "டு தி பிரைட் அண்ட் க்ரூம்" என்று கிளாஸைத் தூக்குவார். அது மட்டும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாக்களை எல்லாம் இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டோம், இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

கிளாஸில் இருப்பது திராட்சை ஜூஸ். அந்தப் பெரியவர் கடைசி வரியைச் சொல்லும்வரை யாரும் குடிக்கக் கூடாது. குடிக்காதவரை பந்தி கிடையாது. ஆக, பசியோடு நிற்கிற ஒரு மண்டபம் முழுக்க அந்த ஒரு மனிதரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

எங்கள் சபையில் வெகுகாலமாக அந்த வாய் என் அண்ணனுடையது. குழந்தைகள் அவரை 'டோஸ்ட் அங்கிள்' என்றுதான் கூப்பிடும்.

பற்களுக்கு ஒரு வாரம்

இத்தனைக்கும் அண்ணன் பியூசியில் ஆங்கிலத்தில் பெயிலானவர். அவருக்கு ஆங்கிலம் வந்தது ஒரு மேஜைக் காலண்டரிலிருந்து.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாமான் சப்ளை செய்கிற யாரோ புத்தாண்டுக்குக் கொடுத்தது. தேதிக்கு ஒரு தாள். தாளுக்கு ஓர் ஆங்கில மரபுத்தொடர். கீழே பொடி எழுத்தில் பொருள். அண்ணன் அதை மருந்து மாதிரி சாப்பிட்டார். அன்றைக்குக் கிழித்ததை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. சந்தர்ப்பம் வராவிட்டால் உண்டாக்கிக்கொள்வார்.

அந்தக் காலண்டர் உடம்பில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டு போனது. கண், காது, மூக்கு எல்லாம் முடிந்து ஒரு வாரம் முழுக்கப் பல்.

முதல் நாள், 'பை தி ஸ்கின் ஆஃப் மை டீத்'. மயிரிழையில் தப்பினேன் என்று பொருள். அண்ணன் வேண்டுமென்றே வீட்டைவிட்டுத் தாமதமாகக் கிளம்பினார். ஓடுகிற பஸ்ஸைத் துரத்திப் பிடித்துத் தொற்றிக்கொண்டு, மூச்சு வாங்க கண்டக்டரிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னார். கண்டக்டர், "சில்லறை கொடி" என்று கன்னடத்தில் சில்லறை கேட்டார்.

அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த அண்ணி அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் கேட்டார்.

"பல்லுக்கு ஏதுங்க தோலு?"

"அதான் பாயின்ட்டே. இல்லாத தோல் எவ்ளோ கனம் இருக்குமோ அவ்ளோலதான் தப்பிச்சேன்."

அண்ணி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ரசம் ஊற்றினார்.

நமக்கும் பல்லை வைத்துப் பேச்சு உண்டு. ஆனால் வெள்ளைக்காரன் பல்லுக்குக் கொடுத்த வேலை வேறு, நாம் கொடுத்த வேலை வேறு. நாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவோம். காரியம் ஆக வேண்டுமென்றால் பல்லைக் காட்டுவோம். கோபம் வந்தால் பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பதாகச் சொல்வோம், கொடுக்க மாட்டோம். மட்டமான சாயம் நாலு சலவையில் பல்லை இளித்துவிடும்.

அவனோ பல்லுக்கே போருக்கான ஏற்பாடு செய்துவிட்டான். ஒருவன் தலை முதல் கால்வரை ஆயுதத்தோடு வந்தால் 'ஆர்ம்ட் டு தி டீத்'. நாம் வாய் கூசாமல் புளுகினால் அவன் பல்லின் வழியாகப் புளுகுகிறான், 'லையிங் த்ரூ ஹிஸ் டீத்'. நமக்குப் பொய் சொல்ல வாய் போதும். அவனுக்குப் பல்லும் தேவைப்படுகிறது.

இவற்றில் அண்ணனுக்கு அடி வாங்கிக் கொடுக்கப் பார்த்தது 'லாங் இன் தி டூத்'. குதிரைக்கு வயசாக ஆக ஈறு மேலே ஏறி, பல் நீண்டு தெரியுமாம். அதனால் கிழடுதட்டியவர்களைப் பற்றி அப்படிச் சொல்வார்கள். மரியாதையான வார்த்தை இல்லை. ஆனால் காலண்டரில் மரியாதையைப் பற்றி எதுவும் போடவில்லை. அன்றைக்குப் பாஸ்டரின் அம்மாவுக்குப் பிறந்தநாள். அண்ணன் எழுந்து நின்று, நீண்ட பல் வாய்த்த அந்தத் தாயாருக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரித்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பாஸ்டருக்குத் தெரியும்.

என் கல்யாணத்தில் நடந்தது

அண்ணன் முதல் டோஸ்ட் சொன்னது என் கல்யாணத்தில். 'டூத் அண்ட் நெயில்' என்று ஒன்று உண்டு. பல்லாலும் நகத்தாலும் விடாமல் போராடுவது. வாழ்க்கையில் வருகிற கஷ்டங்களை எதிர்த்து இந்தத் தம்பதி அப்படிப் போராடும் என்று சொல்வதாக ஏற்பாடு.

மைக்கைப் பிடித்தார். "தே வில் ஃபைட் டூத் அண்ட் நெயில்" என்றார். கஷ்டங்கள் மறந்துபோய்விட்டன. அப்படியே கிளாஸைத் தூக்கிவிட்டார். சபை முழுக்க, நாங்கள் பிறாண்டிக் கடித்துச் சண்டை போட வாழ்த்திக் குடித்தது. யாரோ ஆமென்கூடச் சொன்னார்கள்.

நானும் என் வீட்டுக்காரர் சாமுவேலும் அந்த வாழ்த்தை வீணாக்கவில்லை. நன்றாகவே சண்டை போட்டோம். மனசுக்குப் பிடித்த மனுஷனோடு போடுகிற சண்டை, அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சண்டை போட ஆள் இல்லாமல் போனதுதான் குறை. பிரீத்தி இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அண்ணன் வண்டி கொண்டுவந்து என் சாமான்களை ஏற்றி, தன் வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் இறக்கினார். பீரோவை எந்தப் பக்கம் வைப்பது என்று மட்டும் கேட்டார்.

மாப்பிள்ளை டாக்டர்

மாப்பிள்ளை டேனியல் பல் டாக்டர். பொம்மனஹள்ளியில் சின்னதாக ஒரு கிளினிக். அமைதியான பையன். அந்த அமைதிதான் அவனுக்கு வினையாக வந்தது.

எங்கள் ஜனத்துக்கு ஒரு குணம் உண்டு. சம்பந்தம் எலக்ட்ரீஷியன் வீட்டில் என்றால் கல்யாணத்துக்கு முன்பே வீட்டு ஒயரிங் முழுக்க மாற்றிவிடுவோம். பல் டாக்டர் என்று தெரிந்ததும் என்ன ஆகும்? பூ வைத்த மறுவாரமே குடும்பம் கிளினிக்குக்குப் புறப்பட்டது. அண்ணிக்கு ரூட் கனால். ஒக்கலிபுரத்திலிருந்து பெரியப்பா பஸ் மாறி வந்து கடைவாய்ப்பல்லை அடைத்துக்கொண்டு போனார். பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரல் பாடுகிறவர்கள் மொத்தமாக வந்து பல் சுத்தம் செய்துகொண்டார்கள். டேனியலுக்கு எங்கள் சொந்தக்காரர்களை முகத்தைவிட வாயை வைத்துத்தான் அதிகம் அடையாளம் தெரியும்.

அண்ணன் கடைசியாகப் போனார். நான் கூடப் போனேன்.

டேனியல் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மேல்வரிசை மொத்தமும் ஆடுது அங்கிள். எடுக்க வேண்டியதுதான். ஆனா இப்ப வேணாம். கல்யாணம் முடியட்டும்."

"இப்பவே எடுத்துடு தம்பி."

"இப்ப எடுத்தா டெம்பரவரி செட்டுதான் குடுக்க முடியும். ஈறு ஆற ஆறச் சுருங்கும். செட்டு லூசாயிரும். நல்ல செட்டு வைக்க மாசக்கணக்காகும்."

"தம்பி, டோஸ்ட்ல எனக்கு மூச்சுக்கு மூச்சு 'டீத்' வருது. அந்த 'த்' சொல்றப்பல்லாம் முன்பல்லு கழண்டு ஜனங்க மேல விழுந்துடுமோன்னு இருக்கு."

"வேற வார்த்தை போட்டுக்கலாமே அங்கிள்?"

அண்ணன் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "பல் டாக்டர் கல்யாணத்துக்கு நான் வேற எதப் பத்திப்பா பேசறது?"

விஷயம் இதுதான். காலண்டர் கிழித்த காலத்திலிருந்து, பற்களின் வாரத்தை முழுசாக ஒரே டோஸ்ட்டில் போட அண்ணனுக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. இப்போது ஒரே தங்கை மகளுக்குக் கடவுள் பார்த்து ஒரு பல் டாக்டரை அனுப்பியிருக்கிறார். விடுவாரா?

வேறு எந்த நோயாளியாக இருந்தாலும் டேனியல் முடியாது என்று சொல்லியிருப்பான். கல்யாணத்துக்கு முந்தைய மாப்பிள்ளைக்கு அந்த வார்த்தை வாயில் வராது. பெண்ணின் மாமா கேட்கிறார். என்னைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

ஒத்திகை

டெம்பரவரி செட் முதலில் பிரமாதமாக இருந்தது. அண்ணனுக்குப் பத்து வயசு குறைந்த மாதிரி. தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் பாட்டிலை மைக்காகப் பிடித்து டோஸ்ட் சொல்லிப் பார்ப்பார். கீழே நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பேன். வேண்டாம் என்றாலும் காதில் விழும். திரிகோணமிதிக்கு மார்க் போடும்போதெல்லாம் தலைக்கு மேல் "ஐ கட் மை டீத்" ஓடிக்கொண்டிருக்கும். குழந்தைக்குப் பல் முளைக்கும்போது கைக்குக் கிடைத்ததைக் கடித்துப் பழகுமே, அதுபோல ஒரு தொழிலைத் தொடங்கிப் பழகியதைச் சொல்வது அது.

பிறகு டேனியல் சொன்னதுபோலவே ஈறு சுருங்கியது. வாக்கியங்களுக்கு நடுவே 'டக்' என்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. ஆங்கிலத்தில் பாதி எழுத்துக்கு மேல்பல் வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கீழ் உதடு போய் மேல்பல்லைத் தொட்டால்தான் 'ஃப' வரும். அண்ணனின் உதடு போகும், பல் அந்த இடத்தில் இருக்காது. பசைப்பொடி போட்டு ஒட்டினார். ஈறு புண்ணாகிவிட்டது.

வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. அண்ணி மெதுவாக ஆரம்பித்தார். "பாவம் மாப்ள, சின்னப் பையன். அவசரப்பட்டுப் புடுங்கிட்டாரு." ஒக்கலிபுரம் பெரியப்பா மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாதவர். "கத்துக்குட்டி டாக்டர்கிட்ட வாயக் குடுத்தா இப்டித்தான்" என்றார். அவருடைய கடைவாய்ப்பல் அடைப்பு நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மருதாணிக் கையோடு பிரீத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நாளைக்கு மாமா பேசலைன்னா, இவங்க ஆயுசுக்கும் டேனிய இதச் சொல்லியே குத்துவாங்கம்மா. ஒவ்வொரு கிறிஸ்மஸ்க்கும் சொல்வாங்க."

"சொல்ல மாட்டாங்க" என்றேன்.

சொல்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா?

மறுபடி சமையல்கட்டுக்குப் பின்னால்

அரிசி மூட்டை அறைக்கு வருவோம்.

கதவைத் தள்ளிக்கொண்டு டேனியல் வந்தான். போட்டோவுக்கு நிற்கிற வரிசையை அப்படியே விட்டுவிட்டு, கோட்டில் ரோஜாவோடு வந்திருந்தான். செல்போன் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணனின் வாயைத் திறந்து பார்த்தான்.

"எட்ஜ் குத்துது. ஆன்ட்டி, பிரீத்திக்கு மேக்கப் போட்ட அக்காகிட்ட நெயில் ஃபைல் இருக்கும். வாங்கிட்டு வாங்க."

வாங்கி வந்தேன். என் மருமகன் கல்யாணக் கோலத்தில் காஸ் சிலிண்டர்மேல் உட்கார்ந்து, நகம் தேய்க்கிற அரத்தால் என் அண்ணனின் பல்செட்டைத் தேய்த்தான். மண்டப மேனேஜர் எட்டிப் பார்த்து, "டைம் ஆகுது அக்கா, பேக பேக" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தியவர், அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு கதவைச் சாத்தினார்.

செட்டை மாட்டியதும் அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் ரத்தம்.

"வேணாம் அங்கிள். போடாதீங்க" என்றான் டேனியல். "நான் அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"நீ ஷொன்னே தம்பி. நாந்தான் கேக்கலை."

அதைச் சொன்னது அரிசி மூட்டை அறைக்குள். கேட்டது நானும் அவனும். வெளியே நிற்கிற ஜனத்துக்குத் தெரியப்போவது இல்லை.

அந்த நேரத்தில் வெளியே "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்று ஒரு குரல். மாப்பிள்ளையின் சித்தப்பா. செல்போனில் ஏதோ ஒரு டோஸ்ட்டை டவுன்லோட் செய்து தயாராக வைத்திருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் அண்ணன் முகம் போன போக்கு இருக்கிறதே, என்னால் பார்க்க முடியவில்லை.

"எழுந்திருண்ணா" என்றேன். "நீ நில்லு. நான் சொல்றேன்."

"நீயா?"

"எனக்கு மனப்பாடம். தெனம் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு."

"பொம்பளைங்க டோஷ்ட் ஷொல்றதில்ல."

"பல்லில்லாதவங்களும் சொல்றதில்ல. எழுந்திரு."

மேடை

கரும்பலகை முன்னால் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் எனக்குப் பயம் கிடையாது. அந்த மேடை கரும்பலகை இல்லை. சித்தப்பாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். அவர் கொடுக்கவில்லை, நான் வாங்கினேன். யாரோ என் இன்னொரு கையில் ஒரு கிளாஸைத் திணித்தார்கள். பக்கத்தில் அண்ணன், ஒரு கையில் கிளாஸ், இன்னொரு கையில் வாயோடு சேர்த்துப் பிடித்த கர்சீப்.

"லேடீஸ் அண்ட் ஜென்ட்டில்மென்" என்றேன். அண்ணன் குனிந்து வணங்கினார்.

"ஐ கட் மை டீத் அட் மை சிஸ்டர்ஸ் வெட்டிங்" என்றேன். கூட்டம் குழம்பியது. எனக்கு ஏது சிஸ்டர்? அண்ணன் கிளாஸ் பிடித்த கையால் தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு என்னைக் காட்டினார். பேசுகிறது அவர், நான் வெறும் ஸ்பீக்கர் என்று புரிந்ததும் மண்டபத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது.

பிறகு வண்டி ஓடியது. பிரீத்திக்கு 'ஸ்வீட் டூத்', இனிப்பைக் கண்டால் விடமாட்டாள் என்றேன். அண்ணன் ஜாங்கிரியை வாயில் போடுகிற மாதிரி காட்டினார். இந்தப் பெண்ணைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவைப்பது 'லைக் புல்லிங் டீத்', பல் பிடுங்குகிற பாடு, அதனால்தான் அதற்கென்றே படித்த ஒருவரைத் தேடிப் பிடித்தோம் என்றேன். சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிய மாப்பிள்ளை காலையில் சர்ச்சுக்கு வந்து சேர்ந்தது 'பை தி ஸ்கின் ஆஃப் ஹிஸ் டீத்' என்றேன். அதற்கு மாப்பிள்ளை வீட்டாரே கை தட்டினார்கள். அந்த சிக்னலில் அவர்களும் நின்றவர்கள்தானே.

அடுத்தது அண்ணன் ஆசை ஆசையாக எழுதிய வரி. கோரைப் பல்லை அவர்கள் 'ஐ டீத்' என்பார்கள், கண்ணுக்கு நேர் கீழே இருப்பதால். அதையே கொடுக்கத் தயார் என்றால், ஒரு விஷயத்துக்காக எதையும் கொடுப்பேன் என்று பொருள்.

"ஐ ஆல்வேஸ் செட், ஐ வுட் கிவ் மை ஐ டீத் டு சீ திஸ் டே" என்றேன். "டாக்டர் டேனியல் டோல்ட் மீ டு வெயிட். ஐ டிட் நாட் லிசன்."

இரண்டாவது வாக்கியம் எழுதியதில் இல்லை. டாக்டர் பொறுக்கச் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. அரிசி மூட்டை அறையில் அண்ணன் சொன்னதை ஆங்கிலத்தில் போட்டேன், அவ்வளவுதான். அண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தன் கோரைப் பல் இரண்டையும் பிடுங்கி மாப்பிள்ளை கையில் கொடுப்பதுபோல நடித்து, அவன் தோளைத் தட்டினார். மண்டபம் அதிர்ந்தது. ஒக்கலிபுரம் பெரியப்பா, மாப்பிள்ளை போட்ட அடைப்பு தெரிகிற அளவுக்கு வாயைத் திறந்து சிரித்தார். டேனியலும் சிரித்தான். அன்றைக்கு முதல்முறையாக.

அவ்வளவுதான், முடிந்தது. இனி "டு தி பிரைட் அண்ட் க்ரூம்" சொல்லிவிட்டால் எல்லோரும் குடித்துவிட்டுப் பந்திக்குப் போகலாம். வாயைத் திறந்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். என் காதருகே குனிந்தார்.

"இன்னொண்ணு இருக்கு. ஒத்திகைல ஷொல்லாதது. 'இந்தப் பொண்ண எந் தங்கஷ்ஷி ஒண்டியா வளத்தா.' ஷொல்லு."



"அத நான் எப்டிண்ணா சொல்றது?" என்றேன்.

மைக் என் வாய்க்கு நேராக இருந்ததை மறந்துவிட்டேன். என் கேள்வி கடைசி வரிசைவரைக்கும் போனது.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கர்சீப்பைப் பாக்கெட்டில் வைத்தார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். பல்லில்லாத அந்த வாயை, தனக்குத் தெரிந்த அத்தனை பேர் முன்னாலும் திறந்தார்.

தமிழில் பேசினார். பாதி எழுத்து காற்றாகத்தான் வந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். அண்ணன் நிறுத்தவில்லை.

"ஷாமுவேல் போனப்ப இந்தப் பொண்ணு ரெண்டாங்கிளாஷ். அன்னிலேருந்து இவ ஒண்டியா வளத்தா. எங்கிட்ட ஒரு நாள் வந்து அழுதது இல்ல. எல்லாரும் நாந்தான் பாத்துக்கிட்டேன்னு ஷொல்றீங்க. நான் மாடில இருந்தேன். அவ்ளோதான் நான் ஷெஞ்ஷது."

கிளாஸைத் தூக்கினார்.

"டு மை ஷிஷ்டர்."

இது வழக்கத்தில் இல்லாதது. யாருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. முதலில் பிரீத்தி கிளாஸைத் தூக்கினாள். அவளைப் பார்த்து டேனியல். அப்புறம் மண்டபமே கிளாஸைத் தூக்கி, சொல்லிக்கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்கிற எங்கள் சபையின் பழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டார் உட்பட ஒரே குரலில் "டு மை சிஸ்டர்" என்றது.

யாருக்காகக் கிளாஸைத் தூக்குகிறார்களோ, அவர் மட்டும் குடிக்காமல் சும்மா நிற்க வேண்டும் என்பதுதான் முறையாம். அண்ணன் அப்புறம் சொன்னார். எத்தனையோ கல்யாணம் பார்த்திருந்தும் எனக்கு அது தெரியாது. என் கல்யாணத்தில் நான் குனிந்த தலை நிமிரவே இல்லை. அந்த மண்டபத்தில் முதலில் குடித்தவள் நான்தான். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க விக்கி விக்கி அழுதேன்.